மூன்று மாத வித்தையா?

ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள் என்ற செய்தி உறவினர் வீடுகளை எட்டிய அன்றே, யாரேனும் ஒரு பெரியவர், கையிலுள்ள காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பாகவே, "படிப்பு ஏறலேன்னா என்ன குடியா முழுகிப்போச்சு? பியூட்டிஷியன் கோர்ஸ்ல சேர்த்து விடுங்க. மூணு மாசம். சர்ட்டிபிகேட் வந்ததும் வாசல் ரூம்ல ஒரு பார்லரைப் போட்டா அவ பாட்டுக்குப் பிழைச்சுக்குவா" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். கூடியிருப்போர் தலையசைக்கிறார்கள், பெற்றோர் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது, சம்பந்தப்பட்ட பெண் மட்டும் அடுக்களை வாயிலில் நின்று கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

கணக்கு ஆசிரியையாக நான் இருந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தீர்ப்பை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்வதானால், இரண்டொரு முறை நானே வழங்கியும் இருக்கிறேன். என் தங்கை மகளின் விஷயத்தில், என் ஒன்றுவிட்ட அண்ணன் வாயிலாக, என் வீட்டுக் கூடத்திலேயே அது ஒலித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பரிவோடு சொல்லப்படுகிற காரணத்தாலேயே எவரும் எதிர்த்துப் பேசத் துணியாத அந்த வாக்கியத்தினுள், கல்வி வாராதவர்க்கு உரிய தொழில் இது என்பதும், மூன்று மாதத்தில் கைவந்துவிடும் என்பதும், காகிதம் ஒன்று கிடைத்துவிட்டால் வேலை தானாக வரும் என்பதும், சொந்தக் கடையே முதற்படி என்பதுமாகிய அபிப்பிராயங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் அனுபவத்தின் முன் நிற்காது என்பதே என் கட்சி.

கல்வி வேண்டாத தொழில் என்கிறார்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். திருச்சி தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் ஒரு சிறிய பார்லருக்கு நான் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அதை நடத்துகிறவரை வயது வித்தியாசமின்றி எல்லோரும் 'அக்கா' என்றே அழைப்பார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான அவரை நானும் அவ்வாறே அழைத்துப் பழகிவிட்டேன். ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகலில், முகத்தில் பூசிய முல்தானி மட்டி காயும் வரையில் வாயைத் திறக்கலாகாது என்ற உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து நான் சாய்ந்து கிடந்தபோது, மூன்று வாரத்தில் கல்யாணம் நடக்கவிருந்த ஒரு பெண்ணைத் தாயார் அழைத்துவந்து, இருப்பதிலேயே உயர்ந்த ஃபேஷியல் எதுவோ அதைச் செய்யவேண்டும் என்று கேட்டார். அக்கா பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி பொருத்திய விளக்கை இழுத்து, ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு புறங்கையால் கன்னத்தைத் தொட்டார்.

"வெயில்ல போனா எரியுதாம்மா?"

"ஆமாக்கா, ரொம்ப."

"ராத்திரி என்ன கிரீம் போடறே?"

பெண் வாய் திறப்பதற்குள் தாயார் முந்திக்கொண்டார். "மெடிக்கல் ஷாப்ல குடுத்ததுதாங்க. ஒரு வருஷமாப் போடறா. எவ்வளவு வெளுத்திருக்கா பாருங்க!"

அக்கா கிரீமின் பெயரைக் கேட்டறிந்துகொண்டு, "இன்னிக்கு ஃபேஷியல் வேண்டாங்கம்மா. ப்ளீச் பக்கமே போகக் கூடாது. முதல்ல ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்காகக் கிரீமை நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, அவர் எப்படிச் சொல்றாரோ அப்படி" என்றார். காசு கொடுத்தால் செய்யவேண்டியதுதானே, இவளுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்தபடியே தாயார் படியிறங்கிப் போனதையும், அன்றைய வரவில் பெரியதொரு தொகையை இழந்த அக்கா அடுத்த ஆளுக்கு நூலை வெட்டத் தொடங்கியதையும், பேசமுடியாத நிலையில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னர் கேட்டபோது அவர் விளக்கினார். கன்னத்தில் நூலிழை போல் தெரிந்த சிவந்த ரத்தக் குழாய்களும், தாடையோரத்தில் புதிதாக முளைத்திருந்த பூனைமுடியும், காகிதம் போல் மெலிந்துவிட்ட தோலும், அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்பதை அவருக்கு முன்பே அறிவித்துவிட்டன. பெயரைக் கேட்டது ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான். அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணைக்குள் மத்திய அரசு 2018இல் கொண்டுவந்தும், அவை கடையில் கேட்டவுடன் கிடைக்கின்றன. கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் சிறுநீரகக் கோளாற்றோடு மருத்துவமனைக்கு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்களுக்குப் பொதுவாக இருந்தது பாதரசம் கலந்த முகவெளுப்புக் களிம்புதான் என்று தெரியவந்ததையும் நாம் செய்தித்தாளில் படித்து மறந்துவிட்டோம். ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ரசாயனம் சிலருக்கு நெற்றி நடுவில் வெள்ளைப் புள்ளியாக இறங்குகிறது. இவற்றையெல்லாம் முதலில் காண்பவர் யார்? நோய் முற்றிய பிறகு ஒரு தரம் பார்க்கும் மருத்துவரா, மாதந்தோறும் பிரகாசமான விளக்கின் கீழ் அதே முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிற இந்தப் பெண்ணா? வைத்தியம் செய்வது அவள் வேலையன்று. எந்த இடத்தில் தன் வேலை முடிந்து வைத்தியரின் வேலை தொடங்குகிறது என்று அறிவதே அவளுடைய வித்தையில் பாதி, அதற்குக் கல்வி வேண்டாம் என்று சொல்கிறவர் எதைத்தான் கல்வி என்று கருதுகிறாரோ!

புத்தகத்தை மட்டும் நம்பியும் இதில் பிழைக்க முடியாது. உலகெங்கும் அழகுக்கலைப் பாடங்களில் கற்பிக்கப்படும் தோல்வகைப் பகுப்பு, ஹார்வர்டைச் சேர்ந்த தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்தது. வெள்ளைத் தோல் வெயிலில் எவ்வளவு கன்றும், எவ்வளவு கறுக்கும் என்று அளப்பதற்காகவே முதலில் எழுந்த அந்தப் பகுப்பில், பழுப்பும் கறுப்புமான தோல்கள் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தன. நம்முடைய தோலின் சுபாவம் வேறு. பருவைக் கிள்ளினாலும், வேக்ஸ் ஒரு மாத்திரை சூடு கூடினாலும், ப்ளீச் இரண்டு நிமிஷம் அதிகம் இருந்தாலும், புண் ஆறிப்போகும், கறுப்புத் தழும்போ மாதக்கணக்கில் நிற்கும். மேல்நாட்டு நூலில் கண்ட நேரத்தையும் சூட்டையும் நம் ஊர்க் கன்னத்துக்கு எவ்வளவு குறைக்கவேண்டும் என்பது, பல நூறு கன்னங்களைத் தொட்ட விரலுக்கே தெரியும்.

இனி அந்த மூன்று மாதத்தை எடுத்துக்கொள்வோம்; பழைய தொழிற்பழக்கம், கணக்குப் போடாமல் என்னால் இருக்கமுடியாது. சந்துக்குச் சந்து விளம்பரப் பலகை தொங்கவிட்டிருக்கும் வகுப்புகள் பலவும், வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி என்ற திட்டத்தில் நடக்கின்றன. மூன்று மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் எண்பது மணி தேறாது. நம் நாட்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கென உள்ள அழகுக்கலைப் பிரிவே முழுமையாக ஓராண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் பிறர் முகத்தைத் தொட்டு ஊதியம் பெறுவதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு 600 மணி நேரப் பயிற்சி வேண்டும். 1946இல் தொடங்கப்பெற்ற சிடெஸ்கோ என்னும் சர்வதேச அமைப்பின் பட்டயத்துக்கு 1200 மணி நேரம் விதித்திருக்கிறார்கள். எண்பதுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம்முடைய பெண் எங்கே கடக்கிறாள் என்றால், காசு கொடுத்து வருகிறவர்களின் முகத்தின் மேல்தான் கடக்கிறாள். அந்த முகங்களுக்கு நேர்வதற்கு அவளைப் பொறுப்பாக்குவது நியாயமன்று, எண்பது மணியை வித்தை என்று சொல்லி விற்றவர்களும், அதை நம்பச் சொன்ன பெரியவர்களும் அல்லவா பொறுப்பு?

"இருந்தாலும் பகட்டுக்குத் துணைபோகிற தொழில்தானே, இதற்கு இத்தனை கௌரவம் எதற்கு?" என்று ஒரு ஆட்சேபம் வரும். நயமான சொற்களில் வந்தாலும் இதன் வேர் பகட்டைப் பற்றிய வெறுப்பில் இல்லை. அவ்வாறாயின் நகைக்கடைக்காரரையும் பட்டுப்புடவை வியாபாரியையும் அல்லவா இவர்கள் முதலில் ஏளனம் செய்யவேண்டும்! பிறர் காலைப் பிடித்துக் குதிகாலைத் தேய்ப்பதும், பிறர் மயிரைத் தொடுவதும், பிறர் அழுக்கைத் தன் விரலால் எடுப்பதும் தாழ்ந்த காரியம் என்று பன்னெடுங்காலமாக நம் நெஞ்சில் ஊறியிருக்கிற சாதி எண்ணமே அந்த வேர். ஊராருக்குச் சவரம் செய்தும், கட்டி கீறி மருந்து கட்டியும், பிள்ளைப்பேறு பார்த்தும் வந்த சமூகத்தார்க்கு 'மருத்துவர்' என்ற பெயர் அரசாங்கப் பட்டியலிலேயே இருக்கிறது. பெயரைக் கொடுத்த ஊர் மரியாதையைக் கொடுக்கவில்லை. இன்று அதே வேலை குளிர்சாதன அறைக்குள் 'ஸ்கின் ஸ்டுடியோ' என்ற பலகையின் கீழ் நடைபெறும்போது மட்டும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம்.

பாரதக் கதையில் அஞ்ஞாதவாசத்தின்போது திரௌபதி விராடன் அரண்மனையில் சைரந்திரியாகச் சேர்ந்து, அரசி சுதேஷ்ணைக்குக் கூந்தல் முடித்துக் கலவைச் சாந்து அரைத்துக் கொடுத்தாள் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெரிந்த தொழில் கையில் இருந்ததால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது என்பதையும், பிறர் மாளிகைக்குள் சென்று செய்யவேண்டிய தொழிலாக அது இருந்ததால்தான் கீசகனால் ஆபத்து வந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளவேண்டும். செயலியில் அழைப்பு வந்தவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் அறியாத வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது பகுதி புராணமன்று.

அடுத்து, காகிதம் வேலை வாங்கித் தரும் என்ற நம்பிக்கை. என் தங்கை மகள், நான் பிடிவாதம் பிடித்ததன் பேரில், ஓராண்டுப் படிப்பையே முடித்துச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினாள். முதலிரண்டு கடைகளிலும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்றாவது கடையின் உரிமையாளர் உறையைப் பிரிக்கவே இல்லை; தாமே நாற்காலியில் சாய்ந்து, "என் ஐப்ரோவை எடு" என்றார். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு பாகத்தை விரல்களில் கோத்து முறுக்கி, எதிரே இருப்பவர் தம் இமையையும் நெற்றியையும் விரலால் இழுத்துப் பிடித்திருக்க, ரோமத்தை வேரோடு ஒரே வரிசையாக எடுக்கவேண்டிய அந்தக் காரியத்தில், முதல் ஐந்தாறு இழுப்பிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும் என்கிறார்கள்: நூல் தோலைக் கவ்வுகிறதா, ரோமம் நடுவில் அறுந்து நிற்கிறதா, வளைவின் உச்சியை எங்கே வைப்பது என்று கை தயங்குகிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, போதும் என்று எங்கே நிறுத்துகிறாள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வாலில் ஒரு வரிசை கூடுதலாகப் போய்விட்டால் அது மறுபடி முளைக்க வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும், அத்தனை நாளும் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாடிக்கைக்காரி கடையை நினைத்துக்கொள்வாள். என் தங்கை மகளின் நூல் இருமுறை அறுந்தது. ஆனாலும் வளைவைக் கெடுக்கவில்லை. "நாளைலேர்ந்து வா. ஆறு மாசம் டவல், பெடிக்யூர், வேக்ஸ். முகத்துல அதுக்கப்புறம் கை வைக்கலாம்" என்பதே அவளுக்குக் கிடைத்த நியமன உத்தரவு.

அந்த ஆறு மாதத்தில் அவள் கற்றதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் முன்னேற்றம் எவ்விதம் நிகழ்கிறது என்று எனக்கு விளங்கிற்று. வாடிக்கைக்காரிக்கு வலிக்கிறது என்பதை அவள் சொல்வதற்கு முன் காலின் கட்டைவிரல் அசைவில் அறிவதும், பேச விரும்புகிறவளையும் கண்மூடிக் கிடக்க விரும்புகிறவளையும் பிரித்து உணர்வதும், ஒருத்திக்கு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பதும் எந்த வகுப்பிலும் இல்லாத பாடங்கள். 'அந்தப் பொண்ணு இருக்காளா?' என்று கேட்டுவிட்டு ஒருத்தி கடைக்குள் நுழைகிறாளே, அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் ஒருவருக்கு உத்தியோகம் உறுதியாகிறது. இதை முதலாளிகள் நன்கு அறிவார்கள். அறிந்திருப்பதாலேயே, ஆளோடு வாடிக்கையும் போய்விடுமென்று அஞ்சி, அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் துர்ப்பழக்கம் சிலரிடம் இருக்கிறது. முதலில் ஏறிய கடைகளில் ஒன்றில் எங்களிடமும் கேட்டார்கள். நகல் தருகிறோம் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

சொந்தக் கடைதான் முதற்படி என்பவர்களுக்கு நான் பஞ்சாங்கத்தை நீட்டுவேன். நம் ஊர்ப் பார்லரின் சம்பாத்தியம் முகூர்த்தத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, முகூர்த்தத்தோடு இறங்குவது. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் விடியற்காலை மூன்று மணிக்கு மணப்பெண் அலங்காரத்துக்கு ஓடுகிற அதே பெண், ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் காலியான நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வாடகையும் மின்கட்டணமும் ஆடி மாதத்தை அறியமாட்டா. ஆவணியின் வரவைப் புரட்டாசிக்குப் பங்கிட்டுவைக்கும் விவேகம், இரண்டு மூன்று வருஷம் பிறர் கடையின் கல்லாவை அருகிலிருந்து பார்த்தவளுக்கு வரும். பத்தொன்பது வயதில், அப்பா வாங்கித் தந்த கடனில், வாசல் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எங்கிருந்து வரும்? பிற்காலத்தில் எலிசபெத் ஆர்டன் என்று உலகப் பிரசித்தி பெற்ற பெண்மணிகூட, செவிலியர் பயிற்சியைப் பாதியில் விட்டு நியூயார்க் வந்து, எலினார் அடேர் என்பவரின் அழகு நிலையத்தில் கூலிக்கு முகம் பிடித்துவிட்டுக் கற்ற பிறகே, 1910இல் ஐந்தாம் அவென்யூவில் தமது சொந்தக் கடையைத் திறந்தார்.

பிறர் கடையில் வேலை செய்வது சுகமான வாழ்வு என்று நான் சொல்லவரவில்லை. பத்துப் பேராவது வேலை செய்தால்தான் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால்தான் வருங்கால வைப்பு நிதி என்பது சட்டம். மூன்று நான்கு பேர் வேலை செய்யும் தெருவோரப் பார்லருக்கு இரண்டும் எட்டாது. கடை ஊழியர்க்கு உட்கார இருக்கை அளிக்கவேண்டுமென்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது, நல்ல காரியம். ஆனால் வாடிக்கைக்காரி சாய்ந்திருக்க, தான் குனிந்து நின்றே செய்யவேண்டிய வேலை இது, மாலையில் இடுப்பு சொல்லும் கதையை எந்தச் சட்டம் கேட்கும்? முதலாளியே வேண்டாம், செயலியில் சேர்ந்தால் சுதந்திரம் என்று நம்பிப் போனவர்களோ, 2021 அக்டோபரில் தரகுப் பிடித்தம் தாளாமல் குருகிராமில் தங்கள் செயலி நிறுவனத்தின் வாசலில் உட்கார்ந்து போராடவேண்டி வந்தது. கைக்குழந்தையை விட்டு நகரமுடியாத ஒருத்திக்கு வாசல் அறைக் கடையே வழி என்பதையும் நான் அறிவேன். அப்படி நிலைத்து நின்றவர்களில் நான் நேரில் அறிந்த மூவருமே கல்யாணத்துக்கு முன்பு ஒருவர் கீழ் நின்று பழகியவர்கள். இந்தக் கஷ்டங்களைப் பார்த்துத் தொழிலையே வேண்டாமென்று சொல்கிறவரோடு எனக்கு வழக்கில்லை. கஷ்டத்தை மறைத்து 'சுலபம்' என்று சொல்கிறவரோடுதான் வழக்கு. ஏனென்றால், சுலபம் என்று சொல்லி அனுப்பப்பட்டவள் தடுமாறும்போது, இவ்வளவு சுலபமானதுகூட இவளுக்கு வரவில்லையே என்ற இரண்டாவது பழியையும் அவள் தலையில்தான் ஏற்றுகிறார்கள்.

என் தங்கை மகளுக்கு இப்போது இது நான்காவது வருஷம். முகத்தில் கை வைக்கிறாள், மணப்பெண் அலங்காரத்துக்கு உரிமையாளரோடு இரண்டாம் ஆளாகப் போகிறாள். சென்ற தையில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு தலைக்குச் சாயம் பூசிவிடும்படி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் பெட்டியோடு போனாள், ஆனால் பூசவில்லை, கலந்த சாயத்தில் ஒரு சொட்டை அவர் காதுக்குப் பின்புறம் தடவி, "மாமா, ரெண்டு நாள் பார்க்கணும். ஒண்ணும் ஆகலேன்னா முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலையிலயே வந்து போட்டு விடறேன்" என்றாள். இதற்கெல்லாமா பரீட்சை, அரை மணி வேலை என்று அவர் சத்தம் போட்டார். அவள் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் இரவுக்குள் அவருடைய காதோரம் தடித்துச் சிவந்து, அரிப்பு தாளாமல், அவளுக்கே போன் செய்து என்ன தடவலாம் என்று கேட்டார். முகூர்த்தத்தன்று பந்தல் வாசலில் சந்தனப் பேலாவோடு நின்று, வருகிறவர்களை நரைத்த தலையோடுதான் வரவேற்றார்.